செல்லுக்குத் திசை காட்டும் இழை

சென்னையில் நானோ இழை நூற்கும் ஆய்வகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமர் மணிகளை முந்தைய இரவே கரைத்து வைத்திருந்தார் ஆராய்ச்சி மாணவி. புட்டியைச் சாய்த்து, கரைசல் கண்ணாடியை விட்டு இறங்கும் வேகத்தைப் பார்த்தவுடனே, "இன்னும் அரை மணி நேரம் கலக்கணும் சார்" என்றார். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிற கண் அது. நீர்த்திருந்தால் இழை நெடுகத் திரளைகள் விழும். இறுகியிருந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும்.

கருவி எளியது. ஒரு சிரிஞ்சு, அதைத் தள்ளும் பம்பு, ஊசியில் 15,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம், எதிரே சுழலும் உலோக உருளை. ஊசிமுனைச் சொட்டு மின்புலத்தில் கூம்பாக நீள்கிறது. 1964இல் அதை ஆராய்ந்து விளக்கிய ஜி.ஐ. டெய்லரின் பெயரே அந்தக் கூம்புக்கு நிலைத்துவிட்டது. அதன் நுனியிலிருந்து பீறிடும் தாரை சுழன்று மெலிய, கரைப்பான் ஆவியாக, சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள இழை உருளையில் விழுகிறது. உருளை மெதுவாகச் சுற்றினால் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். நிமிடத்துக்கு 2,000, 3,000 சுற்று என வேகம் கூட்டினால் ஒரே திசையில் படுக்கும்.

"ஐப்பசி, கார்த்திகை வந்தா பயமா இருக்கும் சார். காத்துல ஈரம் ஏறினா இழை மேல பொத்தல் பொத்தலா வருது." ஆய்வுக் கட்டுரையில் ஈரப்பதம் ஒற்றை எண்ணாக நின்றுவிடும். அந்த எண்ணைக் காப்பாற்ற இவர்கள் கதவிடுக்கை அடைப்பதையும், பொழுதைப் பார்த்து வேலையைத் தள்ளிவைப்பதையும் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூற்ற படலம் மெல்லிய வெள்ளைத் தாளாக உரிகிறது. இழையின் திசை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெட்டும்போதே ஒரு மூலையைச் சாய்வாகக் கத்தரித்து அடையாளம் வைக்கிறார். திசை தெரியாமல் போனால் பிறகு எடுக்கும் எந்தப் படத்துக்கும் பொருளில்லை.

கிருமிநீக்கம் செய்த துண்டுகளில் செல்களை விட்டு 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். சாயமேற்றிய மாதிரிகளை நுண்ணோக்கியில் காட்டினார். தாறுமாறான இழைகளில் செல்கள் நாலாபக்கமும் கையை நீட்டிப் பரந்திருந்தன. நேர் இழைகளிலோ எல்லாமே கதிர்போல நீண்டு ஒரே பக்கம் படுத்திருந்தன. இரண்டு துண்டுகளிலும் அதே பாலிமர், அதே ஊட்டக் கரைசல். மாறியது இழை கிடக்கும் விதம் மட்டுமே. என்னை உலுக்கியது இதுதான். செல் தன் சவ்விலுள்ள இன்டெக்ரின் புரதங்களால் பிடிமானம் தேடுகிறது. இழை நெடுகப் பிடி கிடைக்கிறது, குறுக்கே இடைவெளிதான். பிடிகள் இழைவாக்கில் நீள, உள்ளிருக்கும் ஆக்டின் நார்களும் அப்படியே வரிசை கொள்கின்றன. உட்கருவும் நீள்கிறது.

இது புதிதாகக் கண்ட குணமல்ல. ராஸ் ஹாரிசன் 1914இலேயே சிலந்தி வலையின் இழைகளை ஒட்டிக் கருச்செல்கள் நகர்வதை எழுதினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீராம் ராமகிருஷ்ணா குழு 2005இல் நேர் இழைகளில் நரம்புத் தண்டுச் செல்களை வளர்த்தது. நரம்புக் கிளைகள் இழையின் போக்கிலேயே நீண்டன. அறுந்த நரம்பின் நுனி மறுகரையைத் தேடிப் போகவேண்டும். தசைநாரில் கொலாஜன் இழுவிசையின் திசையில் அடுக்காக அமைந்தால்தான் வலு. வழி தவறினால் வடுதான் மிஞ்சும். அதனால்தான் இந்தத் திசைக்கு இவ்வளவு பாடு.

ஆனால் பெரும் குறை ஒன்று இருக்கிறது. இழைகள் நெருங்கிக் கிடப்பதால் செல்கள் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. திசுவுக்கு ஆழம் வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மாக் குழு, நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழைகளையும் சேர்த்து நூற்று, பிறகு அவற்றைக் கரைத்து வழி திறந்தது. இந்த மாணவியும் இப்போது இரட்டை ஊசி வைத்து அதைத்தான் முயல்கிறார். "கரைஞ்சது போக மிச்சம் எவ்வளவுன்னு எடை போட்டுப் பாக்கறேன் சார். படலம் தளர்ந்துடக் கூடாது, அதான் கவலை." செல்கள் எவ்வளவு ஆழம் இறங்கின என்பது குறுக்கே சீவிப் பார்த்தால்தான் தெரியும். வரிசையாகப் படுத்த செல்களின் அழகிய படத்தைக் கொடுத்தார். அந்தக் குறுக்குவெட்டுப் படத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.