13 வருடம் போதாது

அமெரிக்கக் கல்விமுறையை எப்படிச் சீர்திருத்துவது என்று பேசாத வீடு இங்கே இல்லை. டெக்சாஸில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடினாலும் சரி, ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூடினாலும் சரி, தட்டோடு உட்கார்ந்த சற்று நேரத்தில் பேச்சு அங்கே போய் நிற்கும். கணக்கை ஆமை வேகத்தில் நடத்துகிறார்கள் என்பார் ஒருவர். தேர்வு வைத்தே பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்பார் இன்னொருவர். வவுச்சர் கொடுக்க வேண்டும், சார்ட்டர் பள்ளிகள் பெருக வேண்டும், ஆசிரியர் சம்பளம் ஏற வேண்டும், வகுப்பில் செல்ஃபோனுக்குத் தடை வேண்டும் என்று ஆளுக்கொரு வழி. எல்லாவற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. எழுபதைத் தாண்டியவன் என்ற மரியாதைக்காகக் கடைசியில் என்னையும் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன்: உங்கள் பிள்ளை பள்ளியை முடித்த பிறகும் இதைப் பற்றிப் பேசுவீர்களா, தம்பி?

இதை யாரையும் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. கிண்டர்கார்டனில் சேரும் குழந்தை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க 13 வருடம். பெற்றோரின் கோபமும் கவலையும் அந்த 13 வருடத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் இந்த நாட்டில் ஒரு பள்ளிச் சீர்திருத்தம் வேர் பிடித்துப் பலன் தர அதைவிட அதிக காலம் எடுத்திருக்கிறது. தன் பிள்ளைக்காக மட்டும் வாதாடுகிறவர் பாதி வழியில் இறங்கிவிடுவார். கடைசி வரை நின்றவர்கள் யாரென்று பார்த்தால், ஊரார் பிள்ளைக்காக நின்றவர்களாகவே இருக்கிறார்கள்.

அப்படி நின்ற ஒருவரை இங்குள்ள இளையவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டெமெட்ரியோ ரோட்ரிகஸ், சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதிக்காரர், மெக்சிக வம்சாவளியினர். கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்தவர். அவருடைய பிள்ளைகள் படித்தது எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில். கட்டடங்கள் சிதைந்து கிடந்தன, முறையான தகுதி இல்லாத ஆசிரியர்கள் பலர். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். அதன் பிறகு பெற்றோர் கூடிப் பேசியபோதுதான் கோளாறு பள்ளிக்கு உள்ளே மட்டும் இல்லை என்று தெரிந்தது.

அமெரிக்காவில் பள்ளிச் செலவில் பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடுகளின் விலை உயர்ந்த இடத்தில் பள்ளிக்குப் பணம் கொழிக்கும், குறைந்த இடத்தில் வறளும். 1967-68 கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அதில் ஒரு மாணவருக்குத் தேறியது 26 டாலர். அதே நகர வட்டாரத்தில் இருந்த செல்வந்தர் பகுதியான அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான், ஒரு மாணவருக்குக் கிடைத்தது 333 டாலர். மாநிலமும் மத்திய அரசும் தங்கள் பங்கைப் போட்ட பிறகும் எட்ஜ்வுட்டில் 356 டாலர், அலமோ ஹைட்ஸில் 594 டாலர். ஏழை அதிக விகிதத்தில் வரி கட்டி, தன் குழந்தைக்குக் குறைவாகப் பெற்றார். இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோரும் 1968-இல் வழக்குப் போட்டார்கள். 1971-இல் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. கல்வி என்பது மத்திய அரசியல் சாசனம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். ரிச்மண்ட் நகரின் ஸ்கூல் போர்டுக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர் அவர். மாற்றுக் கருத்தை நீளமாக எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1954-இல் தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கை வாதாடியவர்.

ஐந்து வருடம் அலைந்து தோற்ற ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் படுக்கவில்லை. 1984-இல் எட்ஜ்வுட் மாவட்டம் மாநில நீதிமன்றத்துக்குப் போனபோது வழக்குத் தொடுத்தவர்களில் மறுபடியும் ரோட்ரிகஸ் இருந்தார். 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் நிதிமுறை மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ஒருமனதாகச் சொன்னது. 1993-இல் வசதியான மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை எடுத்து மற்றப் பள்ளிகளுக்குத் தரும் சட்டம் வந்தது. ராபின் ஹூட் சட்டம் என்று இன்றும் மக்கள் வாயில் அதற்குப் பெயர். முதல் வழக்கிலிருந்து 25 வருடம். எந்தப் பிள்ளைகளை நினைத்து அவர் தொடங்கினாரோ, அவர்கள் எப்போதோ பள்ளியைக் கடந்துவிட்டார்கள்.

பொறுமை இல்லாமல் செய்ததன் விளைவையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர், ஒரு குழந்தையும் பின்தங்க விடக்கூடாது என்று சொல்லும். எதிர்க்கட்சியைச் சேர்ந்த எட்வர்ட் கென்னடியும் சேர்ந்து நிறைவேற்றியது. நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் எங்கே நிற்கிறார்கள் என்பதை மறைக்க முடியாதபடி தனித்தனியாக வெளியிடச் சொன்னது, அது பெரிய காரியம். ஆனால் மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை வருடா வருடம் தேர்வு, 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி, இல்லாவிட்டால் பள்ளி மீது நடவடிக்கை என்று வைத்தார்கள். சில மாநிலங்கள் தேர்ச்சிக் கோட்டையே கீழே இறக்கின. பள்ளிகளில் வாசிப்பும் கணக்கும் மணி நேரங்களை விழுங்க, வரலாறும் இசையும் சுருங்கின. அட்லாண்டாவில் 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் விடைத்தாள் மோசடியில் சம்பந்தப்பட்டதாக 2011-இல் மாநில விசாரணை கண்டது. சிலர் சிறைத் தண்டனை வரை போனார்கள். 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறு சட்டம் வந்தது. அதாவது, 14 வருடம் முடிவதற்குள் ஒரு பெரிய யோசனை பிறந்து, மிரட்டி, மடிந்தும் போனது.

மிசிசிப்பி மாநிலம் நடந்த வழி வேறு. பல பட்டியல்களில் அடியில் கிடந்த ஏழை மாநிலம் அது. 2000-இல் ஜிம் பார்க்ஸ்டேல் என்ற தொழிலதிபரும் அவர் மனைவியும் குழந்தைகள் வாசிக்கக் கற்பதற்காக மட்டும் 10 கோடி டாலர் கொடுத்தார்கள். உடனே அதிசயம் எதுவும் நடக்கவில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறைப்படி சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்றுத் தேறவே பல வருடம் போயிற்று. 2013-இல் சட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கு வாசிப்பு கற்பிக்கும் பயிற்சி, மிகவும் தடுமாறும் பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளை அதே வகுப்பில் இன்னொரு வருடம். அந்தக் கடைசி விதியைப் பற்றி எனக்கு இன்றும் மன உறுத்தல் உண்டு, எட்டு வயதுக் குழந்தைக்கு அது பெரிய அடி. எட்டாம் வகுப்பில் முன்னேற்றம் அந்த அளவுக்கு இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் தேசிய மதிப்பீட்டின் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-இல் 49-ஆம் இடத்தில் இருந்த மாநிலம் 2024-இல் 9-ஆம் இடத்துக்கு வந்தது. மாநிலத்தின் கல்வித் துறைத் தலைவராக 2013-இல் பொறுப்பேற்ற கேரி ரைட் 2022 வரை அதே நாற்காலியில் இருந்தார். பெரிய நகரங்களில் பள்ளி மாவட்டத் தலைவர்கள் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்கள் என்று பார்த்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம்மவர்களிடம் இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுவேன். நாம் வீடு வாங்கும்போது முதலில் பார்ப்பது பள்ளியின் ரேட்டிங். பத்துக்கு ஒன்பது என்றால் கூடுதலாக ஒரு லட்சம் டாலர் போனாலும் பரவாயில்லை என்கிறோம். பிள்ளைக்கு நல்லது செய்ய நினைப்பது தவறில்லை. ஆனால் அந்தக் கூடுதல் விலைதான் அந்த மாவட்டத்தைப் பணக்கார மாவட்டமாக வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். ராபின் ஹூட் சட்டம் அன்றாடச் செலவுக்கான வரியைத்தான் பகிர்கிறது. புதுக் கட்டடம், கூரை, ஆய்வுக்கூடம், பேருந்து இவற்றுக்கு ஒவ்வொரு மாவட்டமும் பாண்டு வெளியிட்டுக் கடன் வாங்குகிறது. அதற்கு உள்ளூர் மக்கள் வாக்களிக்க வேண்டும். எட்ஜ்வுட் கதையின் மீதி அங்கே உயிரோடு இருக்கிறது.

என் வயதுக்காரர்களிடம் எனக்கு வேலை அதிகம். டெக்சாஸில் 65 வயதானால், நாம் குடியிருக்கும் வீட்டின் பள்ளி வரி ஒரு உச்சவரம்போடு நின்றுவிடும். வீட்டைப் புதிதாக விரிவுபடுத்தினால் ஒழிய அதற்கு மேல் ஏறாது. அப்படியும் பள்ளிப் பாண்டு வாக்கெடுப்பு வரும்போது, பேரன் வேறு ஊரில் படிக்கிறான், எனக்கென்ன என்று எதிர்த்துக் குத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2019-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பள்ளிப் பாண்டு கேள்வியோடும், இது சொத்து வரி உயர்வு என்று பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அதைப் படித்துப் பயந்து போகிறார்கள். தங்கள் வரி ஏறாது என்பதே பலருக்குத் தெரியாது. நடைப்பயிற்சியில் சேரும் நண்பர்களை நான் ஒவ்வொருவராக உட்கார வைத்து இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

மே மாதமோ நவம்பரோ தேர்தல் வரும். அதற்கு முன்பு உங்கள் மாவட்டத்தின் கூட்டம் ஒன்றுக்குப் போங்கள். எந்தப் பள்ளிக்கு என்ன கட்டப் போகிறார்கள், நகரின் எந்தப் பக்கத்துப் பள்ளி விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். பொதுமக்கள் பேசப் பெயர் கொடுத்தால் சில நிமிடம் தருவார்கள். உங்களுக்கு அங்கே படிக்கும் பிள்ளை இல்லை என்பதையும் சொல்லிவிட்டே பேசுங்கள்.