அம்மாவோட மெட்டியும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

போன பொங்கலுக்கு துறையூர் போனப்பதான் அம்மாவோட வலது பாதத்தை ஒழுங்கா பார்த்தேன். உள்ளங்கால்ல எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம். "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டா, "வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா"ங்கறாங்க. மூணு வருஷம் முன்னாடி வெங்காயக் காட்டுல முள்ளு குத்துச்சாம். அப்பவே போன்ல சொன்னாங்களாம். நான் ஏதோ ரிலீஸ் டென்ஷன்ல "செருப்பு போட்டுட்டு போம்மா"ன்னு சொல்லி வச்சிட்டேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அம்மாவுக்கு இருக்கு.

நடுவுல ரெண்டு தடவை எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. ரெண்டு தடவையும் "எலும்புல ஒண்ணுமில்ல"ன்னு மாத்திரை. அதுல பொய் இல்லை. எக்ஸ்ரேல நல்லா தெரியறது எலும்புதான். தசை, தசைநார், ஜவ்வெல்லாம் மங்கலா ஒண்ணு போலத்தான் இருக்கும். நோய் எலும்பை அரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் அதுல தெரியும்.

திருச்சியில பார்த்த டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் சென்டர்ல, "மெட்டியெல்லாம் கழட்டணும்மா"ன்னு டெக்னீஷியன் சொன்னதும் அம்மா முகமே மாறிடுச்சு.

"அவரு குத்துக்கல்லாட்டம் பக்கத்துல உக்காந்திருக்காரு, மெட்டிய கழட்டச் சொல்றியே தம்பி..."

உடனே நான் இஞ்சினியர் மூளையைக் காட்டினேன் :-) "இந்தக் காந்தம் 1.5 டெஸ்லாம்மா. பூமியோட காந்தப்புலத்தைவிட சுமார் 30,000 மடங்கு. வெள்ளி காந்தத்துல ஒட்டாதுதான். ஆனா படம் எடுக்கறதே பாதத்தை. மெட்டி இருந்தா அந்த இடத்துல படம் கலங்கிடும், சூடும் ஆகலாம்..." அம்மா காதுலயே வாங்கலை.

அப்பாதான் எந்திரிச்சு வந்தார். "அம்மி மேல கால வச்சு நான்தானே போட்டுவிட்டேன். நானே கழட்டறேன்." தரையில உக்காந்து, சோப்பு தடவி, வீங்கின கால் நோகாம கொஞ்சம் கொஞ்சமா உருவி எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை.

அப்புறம் கால் உள்ளே, தலை வெளியே. முக்கால் மணி நேரம் டக்கு டக்குன்னு சத்தம். விஷயம் இதுதான்: தண்ணியிலயும் கொழுப்புலயும் இருக்கற ஹைட்ரஜனை காந்தம் வரிசைப்படுத்தும், ரேடியோ அலை அதைக் கலைச்சு விடும். அது பழைய நிலைக்குத் திரும்பற வேகம் தசையில ஒண்ணு, கொழுப்புல ஒண்ணு. அந்த வித்தியாசம்தான் படம். இப்படிப் படமாக்கலாம்னு 1973-ல காட்டினவர் பால் லாட்டர்பர். 2003-ல பீட்டர் மேன்ஸ்ஃபீல்டோட சேர்ந்து நோபல் வாங்கினார்.

படத்துல கறுப்பு விளிம்போட சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள். ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி கிருமிக் கட்டி, வெள்ளை அதைச் சுத்தி அழற்சி, விளிம்பு தழும்புத் திசு. 'வட்டத்துக்குள் புள்ளி'ன்னே இதுக்குப் பேர். இந்த அடையாளத்தை மருத்துவ இதழ்ல எழுதினதும் அதே 2003-லதான். நோய் மைசெட்டோமா.

இதோட இன்னொரு பேரைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. 'மதுரா கால்'. நம்ம மதுரைதாங்க! 1842-ல ஜான் கில்ங்கற டாக்டர் அங்கே பார்த்து எழுதினது. வெறுங்காலோட மண்ணுல வேலை செய்யறவங்களுக்கு முள்ளு வழியா உள்ளே போற கிருமி. வலி அதிகம் இருக்காது, அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியல்ல சேர்த்ததே 2016-லதான். எங்க வீட்டுல புறக்கணிச்சது நான்.

எலும்பை இன்னும் தொடலைன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுது. சதை எடுத்து டெஸ்ட் பண்ணதுல பூஞ்சை இல்லை, பாக்டீரியா வகை. அதுக்கு மருந்து நல்லாவே கேக்குமாம், ஆனா மாசக்கணக்குல விடாம சாப்பிடணும்.

எட்டு மாசமா மருந்து ஓடுது. வீக்கம் பாதிக்கு மேல வடிஞ்சிருக்கு. மெட்டியை ஸ்கேன் முடிஞ்ச அன்னைக்கே அப்பா போட்டுவிட்டுட்டார். நான் வாங்கிக் கொடுத்த செருப்புதான் இன்னும் வாசல்லயே கிடக்கு. இப்பல்லாம் தினமும் போன் பண்ணி, "இன்னைக்கு போட்டியாம்மா?"ன்னு கேக்கறேன்.

பி.கு: நான் டாக்டர் இல்லை. முள்ளு குத்தின இடத்துல வலியில்லாத வீக்கம் நாள்பட இருந்தா, "வலிக்கலையே"ன்னு விடாம ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. முள்ளு குத்தின கதையையும் மறக்காம சொல்லுங்க.