மூட்டத்தில் விழுந்த பந்து

எங்கள் நாயுடுபுரத்தில் வாலிபால் ஆடினால், பனிமூட்டமும் ஒரு ஆட்டக்காரர்தான். கோட்டின் அகலமே 5 சென்டிமீட்டர். அதன் விளிம்பைத் தொட்டாலும் பந்து உள்ளேதான். மூட்டத்தில் அதை யார் பார்ப்பது? அதிகம் கத்துகிற அணிக்கே பாயின்ட் போகும்.

லைன் நடுவருக்கு இதற்கென்றே ஒரு சைகை உண்டு. இரு கைகளையும் மார்புக்கு முன் குறுக்கே வைத்தால், 'என்னால் சொல்ல முடியவில்லை' என்று அர்த்தம். சர்வதேசப் போட்டிகளிலும் இதேதான். பிறகு முடிவு முதல் நடுவருடையது. அவரும் பார்க்கவில்லையா? மறுபடி ஆடவிடுவதே நியாயம் என்பேன்.

போன வாரம் கடைசி செட், 14-14. கொடி பிடித்தவன் பள்ளிக்கூடப் பையன். பந்து மூட்டத்துக்குள் விழுந்தது. "தம்பி, அவுட் காட்டுடா!" என்று பெரியவர்கள் நாலு பேர் அதட்டினார்கள். அவன் கைகளைக் குறுக்கே வைத்தான். நடுவர் மறுபடி சர்வீஸ் போடச் சொன்னார். அதட்டியவர்களில் என் மச்சானும் ஒருவர். வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை.