ஆறு சதுர கிலோமீட்டர் கணக்கு

ரோபே, பாலே
எத்தியோப்பியா

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருப்பதைப் படித்து நிம்மதியானேன். மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். நேரே உன் ஆய்வுக் கட்டுரைக்கு வருகிறேன். படித்ததிலிருந்து மனசு அதிலேயேதான் நிற்கிறது.

ஒரு எத்தியோப்பிய ஓநாய்க் கூட்டத்துக்கு 6 சதுர கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, பாலே மலையின் மொத்தப் புல்வெளியை அதனால் வகுத்து, இத்தனை கூட்டங்கள் வாழலாம் என்று விடை எழுதியிருக்கிறாய். கணக்கு டீச்சர் என்ற முறையில் உன் வகுத்தலில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த 6 மாறிலி இல்லையடா. கிளாடியோ சில்லெரோ-சுபிரியும் டாடா கோட்டெல்லியும் 1995-இல் எழுதிய கட்டுரையில் இருந்து அதை எடுத்திருக்கிறாய். அதே கட்டுரையில், இதே மலையில், எலி குறைந்த பகுதியில் வாழ்ந்த ஓநாய்களுக்குச் சராசரியாக 13.4 சதுர கிலோமீட்டர் தேவைப்பட்டது என்றும் இருக்கிறது. அங்கே கூட்டமும் பெரிதில்லை, இரண்டு மூன்று ஓநாய்கள்தான். நல்ல இடத்திலோ சராசரியாக ஆறு வளர்ந்த ஓநாய்கள் பாதிப் பரப்பில் வாழ்ந்தன. இரண்டு எண்ணும் ஒரே இனத்துக்கானவை. உன் அட்டவணையில் இரண்டாவது எண்ணைக் காணோம்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பாலேயின் சானெட்டி மேட்டுநிலம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். கீழேயுள்ள கோபா ஊரிலிருந்து பேருந்து ஏறினால் காது அடைக்கும், மூச்சு வாங்கும். மேலே மரமே கிடையாது. குட்டையான புல்பூண்டும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற லொபேலியாவும்தான். காலை வைக்கிற இடமெல்லாம் வளை. பெரிய அகழெலி என்று ஒன்று, உலகத்தில் இந்த மலையில் மட்டும் இருப்பது, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை வரும். கண் இரண்டும் தலை உச்சியில் இருக்கும். வளையைவிட்டு முழுசாக வெளியே வராது. பாதி உடம்பை நீட்டி, எட்டுகிற புல்லைக் கடித்து, அப்படியே பின்னாலேயே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதை ஓநாய் பிடிக்க முயல்வதைப் பார்த்தேன். செம்மண் நிற உடம்பு, கழுத்தடியில் வெள்ளை, நம் ஊர் நாயைவிடக் கால் மெலிந்து நீண்டது. எலி உள்ளே போனதும் நாலடி நகர்கிறது. தலை வெளியே தெரிந்தால் தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்காமல் நிற்கிறது. வயிறு புல்லில் உரசுகிறது. மறுபடி நாலடி. கடைசியில் ஒரே பாய்ச்சல், எலி தப்பிவிட்டது. உடனே முன்னங்காலால் தோண்ட ஆரம்பித்தது பார், மண் பின்னால் நின்ற லொபேலியா வரைக்கும் தெறித்தது. பதினைந்து கிலோ தேறுகிற விலங்கு ஒற்றை எலிக்காக இவ்வளவு பாடுபடுகிறது. அப்படியானால் எலி நெருக்கமாக இருக்கிற இடம் அதற்கு எவ்வளவு முக்கியம் என்று யோசி. பாலேயில் அதன் இரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலி இனங்கள்தான். மானையும் காட்டெருமையையும் துரத்தும் வட அமெரிக்க ஓநாய்க் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் வேண்டும். இதற்கு அந்த அலைச்சல் இல்லை. காலடியிலேயே சாப்பாடு இருந்தால் எல்லை சுருங்குகிறது, புதர்க்காட்டிலும் பாறை உச்சியிலும் விரிகிறது.

இதோடு முடிந்தால் எலியை எண்ணிவிட்டு உன் வகுத்தலைத் தொடரலாம். எனக்கு அதிசயமாகப் படுவது இதற்கு அடுத்த விஷயம். எலி பிடிக்கக் கூட்டம் தேவையில்லை, ஒவ்வொன்றும் தனியாகத்தான் வேட்டைக்குப் போகிறது. பிறகு எதற்குச் சேர்ந்து வாழ்கின்றன? நிலத்தைக் காக்க. விடிகாலையிலும் சாயங்காலமும் எல்லாம் ஒன்றுகூடி எல்லையைச் சுற்றி வந்து, கல்லிலும் புல் திட்டிலும் மூத்திரம் விட்டு அடையாளம் வைக்கின்றன. பக்கத்துக் கூட்டம் எதிர்ப்பட்டால் கத்தலும் துரத்தலுமாக இருக்கும், பெரும்பாலும் எண்ணிக்கை குறைந்த கூட்டம்தான் ஓடும். அதனால் ஆள்பலம் உள்ள கூட்டம் பெரிய பரப்பை வைத்துக்கொள்கிறது. ஆக, எலி குறைந்தாலும் எல்லை பெருகும், ஆள் பெருகினாலும் எல்லை பெருகும். வெறும் சதுர கிலோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு இது எதனால் வந்தது என்று உன்னால் சொல்ல முடியாது. வரப்பை வெட்டி நகர்த்தும் பங்காளிச் சண்டை நம் ஊரில் நீ பார்க்காததா? நிலத்தின் அளவில் பக்கத்து வீட்டுக்காரனின் பலமும் சேர்ந்துதான் இருக்கிறது.

ஆண்கள் பிறந்த கூட்டத்தைவிட்டுப் போவதே அபூர்வம். பெண்கள் இரண்டு வயதில் கிளம்புகின்றன, ஆனால் போக இடமில்லை. இடம் கிடைக்காதவை இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய துண்டுகளில், எங்காவது ஒரு தாய் ஓநாயின் இடம் காலியாகும் வரை திரிகின்றன. மேய்ச்சலும் பார்லி வயலும் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டே இருக்கின்றன. எத்தியோப்பியாவில் 3,200 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தில் அறுபது சதவீதம் ஏற்கெனவே உழவுக்குப் போய்விட்டது. சின்ன எல்லையில் பெரிய கூட்டம் இருப்பதைச் செழிப்பு என்று மட்டும் எழுதிவிடாதே. அதில் பாதி நெருக்கடி.

கடைசியாக நோய். மேய்ப்பர்களோடு வரும் நாய்களிடமிருந்து ரேபிஸ் பரவுகிறது. 1991-92-இல் ஒரு முறை, 2003-இல் மறுபடி. அந்த இரண்டாம் முறை இந்த மலையின் வெப் பள்ளத்தாக்கில் இருந்த ஓநாய்களில் முக்கால்வாசி செத்தன. பள்ளத்தாக்குகளை இணைக்கும் குறுகலான வழிகளில் இருந்த கூட்டங்களுக்குத் தடுப்பூசி போட்டதால்தான் அது மற்ற இடங்களுக்குப் பரவாமல் நின்றது. வருஷக்கணக்கில் அசையாமல் இருக்கிற எல்லைகள் இப்படிப்பட்ட சாவுக்குப் பிறகுதான் நகர்கின்றன. ஒரு கூட்டமே அழிந்தால் பக்கத்துக் கூட்டத்தின் கோடு மாறுகிறது. அந்த வருஷம் அளந்தவனுக்கு ஒரு எண், ஐந்து வருஷம் முன்னால் அளந்தவனுக்கு வேறு எண். மண்ணும் எலியும் அப்படியேதான் இருந்தன.

உலகத்திலேயே இந்த ஓநாய் ஐந்நூறுகூட இல்லை, பாதிக்கு மேல் இந்த ஒரே மலையில். உன் வகுத்தலை யாராவது நம்பி "இன்னும் இடம் இருக்கிறது, கொஞ்சம் நிலம் போனால் என்ன" என்று சொல்லிவிடக்கூடும். எந்த நிலம் போகிறது என்பதுதான் கேள்வி. பாறை உச்சியில் 6 சதுர கிலோமீட்டர் போவதும், எலி வளை நிறைந்த வெப் பள்ளத்தாக்கில் 6 போவதும் ஒன்றில்லை. பின்னதில் ஒரு முழுக் கூட்டமே போய்விடும்.

அதனால் மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பரப்பை மட்டும் போடாமல், எலி வளைகளின் அடர்த்தி, வளர்ந்த ஓநாய்களின் எண்ணிக்கை, சுற்றியுள்ள கூட்டங்கள், எந்த வருஷத்து அளவு, அதற்கு முன்னால் நோய் வந்ததா என்று அடுத்தடுத்து வை. விவரம் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடு, சராசரியால் நிரப்பாதே. உன் வழிகாட்டி பக்கம் அதிகமாகிறது என்று சொன்னால் முன்னுரையைக் குறை. முன்னுரையில் நீ எழுதியிருக்கிற ஓநாய்க் கதைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

திருத்தியதை மாதக் கடைசிக்குள் அனுப்பு, எனக்குத் தேர்வுத்தாள் வருவதற்குள் படித்துவிடுகிறேன். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா