உள்ளித்தோல் சாயம்

எங்கள் பக்கத்து ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது. மேலநீலிதநல்லூர் உட்பட்ட தெற்குக் கரிசல்காட்டுக்கு உரிய வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் குட்டை முடி ஆடுகள். கறிக்கு ஆகும், கிடை போட்டால் நிலத்துக்கு உரமாகும், நூல் நூற்க ஆகாது. தமிழ்நாட்டில் கம்பளி தருகிற ஆடென்றால் நீலகிரி ஆடு, கோயம்புத்தூர்க் குரும்பை, திருச்சிக் கருப்பு. மூன்றும் எங்களுக்கு வெகுதூரம். சித்திரையில் தரை வெடித்து, ஆடியில் புழுதி கண்ணை மறைக்கிற ஊரில் கம்பளி நூலுக்கு என்ன வேலை? ஆனாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்தது, மூணாறு வழியாக.

சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் அநேகம். மழை பொய்த்த வருஷங்களில் ஒரு தெருவே மலையேறியிருக்கிறது. என் பெரியம்மையும் வாக்கப்பட்டு அங்கே போனவள்தான். ஆடித்தபசுத் திருவிழா என்றால் எப்படியும் வந்துவிடுவாள். சங்கரன்கோவிலில் இறங்கி, கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு. பையைத் திறந்ததும் தேயிலைத் தூள் வாசமும் யூக்கலிப்டஸ் தைல வாசமும் வீடு முழுக்கப் பரவும். ஒரு வருஷம் அந்தப் பைக்குள் வெள்ளை வெளேரென்று கம்பளி நூல் சிட்டங்கள் இருந்தன. தொட்டால் கன்றுக்குட்டியின் காது மாதிரி வெதுவெதுப்பு. பருத்தி நூலையே பார்த்து வளர்ந்த கைக்கு அது புதுசு.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். ஜனவரியில் சில காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகள் குல்லா இல்லாமல் பள்ளிக்கூடம் போக முடியாது. பெரியம்மை அங்கே பக்கத்து வீட்டு அக்காளிடம் பின்னல் பழகியிருந்தாள். நிறம் போட்ட நூல் விலை கூடுதல், வெள்ளை கொஞ்சம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்துவிட்டாள். வெள்ளைக் குல்லா தேயிலைக் கறையிலும் செம்மண்ணிலும் ஒரு வாரம் தாங்காது.

“எம்மா, இதுக்கு ஏதாச்சும் நெறம் ஏத்தித் தாயேன்” என்று ஆச்சியிடம் சிட்டங்களை நீட்டினாள்.

ஆச்சியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆச்சி பிறந்தது சங்கரன்கோவிலில், தறி ஓடிய வீட்டில். கடுக்காய், சீனிக்காரம், மஞ்சணத்தி வேர் என்று அவளுடைய ஆச்சி கைப்பக்குவத்தில் இருந்ததையெல்லாம் சிறுபிள்ளையாய் அடுப்பருகே உட்கார்ந்து பார்த்தவள். அதற்கு முன்பே உலகம் மாறிவிட்டிருந்தது. லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் 1856-ல் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1869-ல் செயற்கைச் சிவப்பு, 1897-ல் செயற்கை நீலம் விற்பனைக்கு என்று வரிசையாக வந்தன. சோழமண்டலக் கரையின் சாயவேரும் அவுரியும் பட்டறைகளை விட்டு வெளியேறின. ஆனால் பட்டறையை விட்டுப் போனது வீட்டை விட்டு உடனே போய்விடாது. பழைய துணிக்கு நிறம் ஏற்ற, தொட்டில் சேலையைப் புதுப்பிக்க என்று அடுக்களை ஓரத்தில் அது கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. எங்கள் ஆச்சி அந்த ஓரத்தின் கடைசி ஆள்.

அவள் சிட்டத்தை முகர்ந்து பார்த்தாள். ஓர் இழையைப் பிரித்து விளக்குத் திரியில் காட்டினாள். தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தது.

“இது முடிதானட்டி. பருத்திக்குப் பண்ற மாதிரி இதுக்குப் பண்ணப்படாது. தலைக்குத் தேய்க்கறதத்தான் இதுக்கும் தேய்க்கணும்.”

பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டங்களை மெல்ல அமுக்கி எடுத்தாள். கசக்கவே இல்லை. கம்பளி இழையின்மேல் மீன்செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டென்றும், சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு நூல் கட்டியாகிவிடுமென்றும் நான் படித்தது பின்னாளில். ஆச்சிக்கு அது விரலிலேயே தெரிந்திருந்தது. துணி சோடாவை வாசற்படிக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டாள். பருத்தி காரத்தைத் தாங்கும், கம்பளி தாங்காது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். “ஏட்டி, களத்துல போயி உள்ளித்தோலு அள்ளிட்டு வா. காஞ்சதாப் பாத்து அள்ளு. அழுகுனது ஒண்ணுகூட வரப்படாது.”

எங்கள் பேச்சில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். ஊருக்கு வெளியே அது காய்கிற களம். பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து தாளையும் வேரையும் நறுக்கிப் போடுவார்கள். கை படப்பட மேல்தோல் கழன்று மடியில் விழும், அங்கிருந்து ஆடிக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வேலிமுள்ளில் மாட்டும். சில தோல் இளஞ்சிவப்பு, சில ஊதா, சில செம்பு நிறம். வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நரம்பு நரம்பாகக் கோடு தெரியும். சாக்கு நிறைய அமுக்கி அடைத்தும் தலையில் பாரமே தெரியாது. களத்தில் இருந்த ஒரு மதினி, “எதுக்குட்டி இந்தக் குப்ப?” என்று கேட்டாள். சாயத்துக்கு என்றதும் தன் மடியில் கிடந்ததையும் உதறிப் போட்டாள்.

தண்ணீரிலும் ஆச்சிக்குக் கணக்கு இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பே சரியாக வேகாது. உப்புத் தண்ணீரில் நிறம் மங்கும் என்று, மழைக்குப் பிடித்து மூடி வைத்திருந்த குடத்தை இறக்கச் சொன்னாள். பாத்திரம் அலுமினியச் சட்டி. இரும்புச் சட்டியைத் தொடவிடவில்லை. அதற்கான வேலை பிறகு வரும் என்றாள். அடுப்புக்குப் பருத்திமார். குபீரென்று பிடித்து அணைகிற விறகு அது, ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளினது நான்.

முதலில் சீனிக்காரம், அதாவது படிகாரம். ஒரு சிட்டத்துக்குக் கொட்டைப்பாக்கு அளவு. வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, ஈர நூலை அதில் இறக்கி, மறுபடி மெல்லச் சூடேற்றினாள். இன்னொரு பக்கம் வெங்காயத் தோல் கொதித்துக்கொண்டிருந்தது. வீடெல்லாம் ரசத்துக்கும் சூப்புக்கும் நடுவான ஒரு வாசம். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கருஞ்சிவப்பானது. தோலை வடிகட்டிக் கொட்டினாள்.

அங்கேதான் ஆச்சி ஒரு காரியம் செய்தாள். முழுச் சிட்டத்தையும் இறக்குவதற்கு முன், இரண்டு சிறு இழைகளை எடுத்தாள். ஒன்று பருத்திக்குச் செய்வது போலக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறியது, மற்றது சீனிக்காரம் மட்டும் கண்டது. இரண்டையும் முக்கி எடுத்து, அலசி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கடுக்காய் ஏறியது பழுப்பு தட்டி இருந்தது. மற்றது பொன்னாக மின்னியது. ஆச்சியின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஆச்சரியம். “எங்க ஆச்சி பருத்திக்கு மாசக்கணக்குல மல்லுக்கட்டுவா. இது ஒரு முக்குல குடிச்சிருச்சே!”

காரணம் எளிது. பருத்தி செல்லுலோஸ், சாயத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது. அதனால்தான் கடுக்காயின் துவர்ப்பை முதலில் ஏற்றி, அதன்மேல் படிகாரத்தை ஏற்றி, பிறகு சாயத்தை ஏற்றுகிறார்கள். கம்பளி புரதம். படிகாரத்தையும் சாயத்தையும் தானே பிடித்துக்கொள்கிறது. மருதாணி நம் நகத்திலும் தலைமுடியிலும் அத்தனை நாள் நிற்பதும் இதே புரதத்தால்தான்.

சிட்டத்தை இறக்கிய பிறகு கொதிக்க விடவேயில்லை. “தளதளன்னு கொதிச்சா நூல் செத்துப்போகும். ஆவி மட்டும் வரட்டும்” என்று என் கையிலிருந்த பருத்திமாரைப் பிடுங்கி வைத்துவிட்டாள். வேப்பங்குச்சியால் அவ்வப்போது தூக்கிப் பார்ப்பாள். ராத்திரி முழுக்கச் சாயத்திலேயே ஆறட்டும் என்று மூடி வைத்தாள். காலையில் அலசி, மாட்டுத்தொழுவ நிழலில் கொடியில் போட்டபோது, தேனுக்கும் செம்பொன்னுக்கும் நடுவில் ஒரு நிறம். இன்றைக்கு எத்தனையோ கடைகளில் நூல் வாங்கியிருக்கிறேன். அந்த நிறத்தை எந்தச் சாயப் பொடியும் எனக்குத் தரவில்லை.

அதன்பின் அடுக்களையில் கழிக்கிற எதையும் ஆச்சி சும்மா விடவில்லை. மாதுளைத் தோல் மஞ்சளைத் தந்தது. வறுத்த புளியங்கொட்டையின் மேல்தோல் காவியோடிய பழுப்பு. சாமி படத்தில் வாடிய கேந்திப்பூ மாலை, எலுமிச்சைப் பழ நிறம். பெரியம்மையின் தேயிலைத் தூள், டீ போட்ட சக்கைதான், நல்ல மரநிறம் கொடுத்தது.

எங்கள் அக்காளுக்கு ரோஸ் நிறம் வேண்டும். சந்தையில் பீட்ரூட் வாங்கிவந்து அதன் தோலையும் துண்டுகளையும் வேகவைத்தாள். சட்டியில் பார்த்தபோது மற்ற எல்லா நிறத்தையும் தோற்கடிக்கிற அழகு. நூலும் இளஞ்சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் அலசினபோது பாதி போனது, கொடியில் காய்ந்தபோது இன்னும் கொஞ்சம், ஒரு வாரம் சன்னலோரம் இருந்ததில் வெளுத்த மண் நிறமாகிவிட்டது. அக்கா அழுதேவிட்டாள். பீட்ரூட்டின் நிறமி பீட்டாலெய்ன். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது, படிகாரத்தோடு உறுதியான பிணைப்பும் கொள்ளாது. வெங்காயத் தோலில் இருக்கிற குவெர்செட்டின் படிகாரத்தின் அலுமினியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சட்டியில் தெரிகிற நிறத்தை நம்பக் கூடாது என்பதை ஆச்சி வேறு மாதிரி சொன்னாள்: “கழுவிக் காஞ்ச பொறவு பேசு.”

இரும்பின் வேலை கடைசியில் வந்தது. லாடம் கட்டுகிறவரிடம் தேய்ந்த மாட்டு லாடங்களை வாங்கி, கருப்பட்டித் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க வைத்திருந்தாள். அந்தக் கறுத்த நீரில் ஒரு கரண்டியை வெந்நீரில் கலந்து, பொன்னிறச் சிட்டம் ஒன்றை முக்கினாள். கண்ணெதிரே பொன் மங்கி, பாசிப் பச்சையாகத் திரும்பியது. மூச்சுவிடுகிற நேரம்தான். சட்டென்று வெளியே எடுத்து அலசிவிட்டாள். இரும்பு அதிகமானால் நூல் இற்றுப்போகும். கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு வரையப் பயன்படுத்துவதும் இப்படி வெல்லத்தில் இரும்பைப் புளிக்க வைத்த நீரைத்தான்.

அந்தப் பொன்னிலும் பச்சையிலும் பெரியம்மை பின்னிய குல்லாக்களை முழுப்பரீட்சை லீவில் மூணாறு போனபோது பார்த்தேன். சோப்புப் போட்டுத் துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்திருந்தது. நிறம் லேசாக மட்டுமே இறங்கியிருந்தது. மூத்தவன் போட்டு, இளையவன் போட்டு, பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் போயிருந்தது.

ஆச்சி போனபிறகு அந்தச் சட்டி அடுப்பேறவில்லை. ஆனால் அதே மூணாறில், தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக நடக்கிற சிருஷ்டி அமைப்பில், ‘அரண்யா’ என்ற இயற்கைச் சாயப் பிரிவு வளர்ந்தது. தேயிலைக் கழிவு, யூக்கலிப்டஸ் இலை என்று மலையில் கிடைப்பதைக் கொண்டு துணிக்கு நிறமேற்றுகிறார்கள். அதைப் பற்றி முதலில் படித்த நாள் எனக்குப் பெரிய சந்தோஷம். நம் ஊர்களிலிருந்து மலையேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கையில் அந்த வேலை இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இலையிலும் தோலிலும் எடுத்தது என்பதாலேயே எந்தச் சாயமும் சுத்தமாகிவிடாது. நிறம் பளிச்சென்று நிற்க மயில்துத்தமும் குரோமியமும் போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் வாய்க்காலில் போனால் கெடுதல்தான். ஆற்றைக் கெடுத்ததற்காக 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட கதை நமக்குத் தெரியும். ஆச்சி பயன்படுத்தியது படிகாரமும் துளி இரும்பும் மட்டுமே. வீட்டுக்கு அது போதும்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: 100 கிராம் கம்பளி நூலுக்கு 10 கிராம் படிகாரம், 100 கிராம் காய்ந்த வெங்காயத் தோல். சமைக்கிற பாத்திரத்தில் செய்யாதீர்கள், அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்குங்கள். சூட்டை மெல்ல ஏற்றி, மெல்ல ஆறவிடுங்கள், நிழலில் காயப்போடுங்கள். 100 கிராம் தோல் சேர ஒரு வீட்டுக்குப் பல வாரம் பிடிக்கும். காய்கறிக் கடைக்காரரிடம் கேளுங்கள், கூடையின் அடியில் கிடப்பதைச் சந்தோஷமாக அள்ளித் தருவார்.