கப்பல் ஏறும் முன் ராத்தா கேட்கும் கேள்விகள்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வீதியால் தெற்கே போனால் தம்பிலுவிலைத் தாண்டித் திருக்கோவில் வரும். சித்திரவேலாயுத சுவாமி கோவிலை அடுத்த கடற்கரை ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனத்தால் நிரம்பி வழியும். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களும் இவ்வழியால்தான் போவார்கள். மற்ற நாட்களில் அங்கே அலைச் சத்தமும் காற்றும்தான். அஸருக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருவது எங்கள் குடும்பத்துப் பழைய வழக்கம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு என் உம்மா அந்தப் பக்கம் வரவே இல்லை. சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடைய அம்பாறைதான். யாருடைய வீட்டில் யார் போனார்கள் என்று இந்த ஏட்டின் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட உம்மா, எழுபது வயது கடந்த பிறகு ஒரு நாள், “மவுத்தாகும் முன்ன ஒருக்காக் கப்பல்ல போகணும் மகன்” என்று சொன்னபோது நான் திகைத்துப் போனேன். உம்மாவின் வாப்பா அந்தக் காலத்தில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். சிறு வயதில் அவர் மடியில் இருந்து கேட்ட கதைகள் உம்மாவின் நெஞ்சில் அப்படியே கிடந்திருக்கின்றன. இனி அந்த வழி இல்லை. மும்பையிலிருந்து ஜித்தாவுக்குப் போன ஹஜ் கப்பல்கூட 1995 உடன் நின்றுவிட்டது.

உம்மாவின் ஆசையை நிறைவேற்ற முன்வந்தவர் கட்டாரில் இருக்கும் என் ராத்தா. மச்சானுக்கு அங்கே வேலை. குளிர்காலத்தில் டோஹாவிலிருந்து துபாய், அபுதாபி என்று சுற்றிவரும் உல்லாசக் கப்பல்கள் உண்டு. பாடசாலை விடுமுறையும் மலிவான டிக்கட்டும் ஒத்துவந்தால் ராத்தா குடும்பம் ஏறிவிடும். இதுவரை ஐந்து தடவை போயிருக்கிறார்கள். “ஊருக்குப் பணம் அனுப்புறதை விட்டுட்டு இது என்ன வீண்செலவு?” என்று முதலில் கேட்டவன் நான்தான். ஒரு தடவை கூடப் போன பிறகு வாயை மூடிக்கொண்டேன். ராத்தா கப்பலைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைப் போல எங்கள் மத்ரஸா மாணவர்கள் கிதாபைப் பற்றிக் கேட்டால் நான் மகிழ்வேன்.

அந்தக் கேள்விகள் ஒரு கசப்பான அனுபவத்தில் பிறந்தவை. உம்மாவை முதல் தடவை கூட்டிப் போனபோது ராத்தாவுக்கு அது இரண்டாவது பயணம்தான். மலிவாகக் கிடைத்ததென்று கப்பலின் முன்முனையில் ஓர் அறையை எடுத்துவிட்டார். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்கிறார்களே, அறைக்குக் கொண்டுவந்து தருவார்களே என்று எல்லாவற்றையும் கொடுத்தும்விட்டார். உம்மாவின் இன்சுலின் அந்தப் பெட்டிக்குள்! ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஏறும் கப்பலில் அவை அறைக்கு வர இரவாகிவிட்டது. அதற்குள் சீனி ஏறி, கப்பலும் ஆட, உம்மா வாந்தி எடுத்துச் சோர்ந்துவிட்டார். கப்பல் டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவருக்குக் கொடுத்த கட்டணம் டிக்கட் பணத்தோடு போட்டிபோட்டது. “சுனாமிக்குத் தப்பின என்னை இங்க கொண்டுவந்து கொல்லப் பாக்கிறியா?” என்று உம்மா கேட்டதை ராத்தா இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, மருந்து, கடவுச்சீட்டு, தொழுகை உடுப்பு, ஒரு மாற்றுடை ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் வைக்க அறையில் குளிர்பெட்டி உண்டா என்று முற்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சில அறைகளில் இருப்பது பானம் குளிர வைக்கும் சிறு பெட்டிதான். அது மருந்துக்குப் போதாது.

அறை விஷயத்தில் ராத்தாவின் சட்டம் ஒன்றே: நடுவில், கீழே. ஏற்றப்பலகையில் பிள்ளைகள் ஏறி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இரு முனைகளும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அசைவது குறைவு. உயரத் தளங்களில் ஆட்டம் கூட. தலைக்கு மேலே நீச்சல்குளமோ பாட்டுக் கச்சேரி மண்டபமோ இல்லாத தளமாகவும் இருக்க வேண்டும். கப்பலின் வரைபடத்தை வாங்கி, மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ராத்தா காசு கட்டுவார். “எந்த அறை என்று பிறகு சொல்கிறோம், விலை குறைவு” என்ற சலுகையை வயோதிபர்களோடு போகிறவர்கள் தொடவே வேண்டாம்.

ஆனால் ஓர் இடத்தில் நானும் ராத்தாவும் ஒத்துப்போவதில்லை. அவருக்கு யன்னல் இல்லாத உள்ளறை போதும். பணம் மிச்சம், நல்ல தூக்கம். எனக்கு யன்னல் வேண்டும். உள்ளறையில் விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவுதான். ஸுப்ஹு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. “அலாரம் எதுக்கு இருக்கு தம்பி?” என்பார் ராத்தா. கட்டாருக்கும் துபாய்க்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. கைத்தொலைபேசி கரையின் நேரத்தைக் காட்டும், கப்பல் தன் நேரத்தைச் சொல்லும். எந்த அலாரத்தை நம்புவது?

அறைக்காகத் தகராறு பண்ணியவர்களில் நாம் முதலாமவர்கள் அல்லர். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல் ஏற வந்தபோது, தம்முடன் பெண்கள் வருவதால் யாரும் குறுக்கிடாத தனி அறை வேண்டும் என்று கேட்டார். நல்ல அறைகளைச் சீன வணிகர்கள் போக வர இரண்டுக்கும் எடுத்துவிட்டிருந்தார்கள். கிடைத்த ஓர் அறையில் கழிப்பிடம் இல்லை. அறை போதவில்லை என்று தம் ஆட்களையும் சாமான்களையும் சிறிய கப்பல் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். மறுநாள் அடித்த புயலில் அந்தப் பெரிய கப்பல் உடைந்தது. சிறியது அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. எல்லாம் இழந்து, உயிரோடு கரையில் நின்றார். பின்னர் 1344இல் நமது இலங்கைக்கும் வந்து பாவாத மலை ஏறிப் போனவர் அவர்.

இப்போது தொழுகைக்கு வருகிறேன். இரண்டாம் பயணத்தில் உம்மாவுக்குத் துணையாக நானே போனேன். முதல் இரவு அறையில் கைத்தொலைபேசியின் திசைகாட்டியைப் பார்த்து, உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் இமாமாக நின்று, இஷாவையும் பிறகு ஸுப்ஹையும் தொழுவித்தேன். ஸலாம் கொடுத்துச் சற்று நேரத்தில் எங்களுக்கு நேர் முன்னால் சூரியன் உதிக்கிறது! வளைகுடாவிலிருந்து மக்கா தென்மேற்கில் இருக்க, நாங்கள் கிழக்கு நோக்கித் தொழுதிருக்கிறோம். கப்பல் முழுக்க உருக்கு. உருக்குச் சுவர்களுக்குள் காந்த ஊசி சொல்வதை நம்ப முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முயன்று திசை பார்த்துத் தொழுதாலும், தவறென்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் மீட்டித் தொழ வேண்டும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல். இரண்டையும் மீட்டினோம். “மௌலவிக்குப் பின்னால தொழுததுக்கு இதுதான் கூலி” என்று ராத்தா சிரித்தார். அதன் பிறகு அறைத் தொலைக்காட்சியில் ஓடும் கப்பலின் வரைபடத்தைப் பார்த்து, கப்பல் எத்திசையில் போகிறதென்று அறிந்து, திறந்த தளத்தில் சூரியனையும் வைத்துச் சரிபார்த்துக்கொண்டோம்.

கப்பல் கட்டவிழ்ந்து புறப்படும் வரை கஸ்ர் இல்லை. புறப்பட்ட பின், பயணம் ஏறத்தாழ 82 கிலோமீட்டருக்குக் குறையாததென்றால் நான்கை இரண்டாகச் சுருக்கலாம், ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். கரையில் இறங்கிச் சுற்றும் நாளில் ளுஹரைப் பிற்படுத்தி அஸரோடு தொழ நினைத்தால், ளுஹர் நேரத்துக்குள்ளேயே அந்த நிய்யத்தை வைத்துவிட வேண்டும். பெண்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தலை சுற்றி நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், பர்ளை விட்டுவிட அனுமதி இல்லை. அறையின் கைகழுவும் தொட்டி சிறியது, அதில் கால் கழுவப்போய் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். குளிக்கும் இடத்திலேயே உளூச் செய்யுங்கள். இன்னொன்றைச் சொல்ல வெட்கப்படக் கூடாது: கழிப்பறையில் காகிதம்தான் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பேணியைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி முற்பதிவின்போதே எழுத்தில் கேட்க வேண்டும். “ஹலால் கிடைக்கும்” என்பது வேறு, “ஹலால் சமையலறை தனியாக உண்டு” என்பது வேறு. பன்றி இறைச்சிக்கும் நமது கோழிக்கும் ஒரே கரண்டி போடும் விருந்து மேசைகள் உண்டு. முதல் மாலையிலேயே உணவுக்கூடத் தலைமைப் பரிசாரகரைக் கண்டு பேசுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓர் இந்தோனேசிய முஸ்லிம் இளைஞர். எந்தக் குழம்பில் வைன் ஊற்றுகிறார்கள், எந்த இனிப்பில் ஜெலட்டின் இருக்கிறது என்று உம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். உம்மா அவருக்குச் செய்த துஆ அவருடைய ஊர் வரை போயிருக்கும். சந்தேகம் வந்தால் மீனும் முட்டையும் பழமும் போதுமே.

மதுவும் சூதும் பெரும்பாலான உல்லாசக் கப்பல்களின் வருமானம். அவற்றைக் கடக்காமல் உணவுக்கூடத்துக்குப் போக முடியாத அமைப்பும் உண்டு, வரைபடம் இதற்கும் உதவும். 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து ஓடத் தொடங்கிய சவூதிக் கப்பலான ‘அரோயா’வில் மது இல்லை. வசதியுள்ளவர்கள் அதை விசாரிக்கலாம். இன்னொரு தொல்லை, ஏறும்போதும் சாப்பிடும்போதும் கப்பல்காரர்கள் படம் பிடித்துப் பொதுச் சுவரில் விற்பனைக்கு மாட்டுவது. “வேண்டாம்” என்று ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவார்கள். என் ராத்தா மகளின் படம் ஒருமுறை அப்படித் தொங்கியதைக் கண்டு மச்சான் பட்ட பாடு தனிக்கதை.

நமது கடவுச்சீட்டுக்குக் கேள்விகள் அதிகம். கட்டாரிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வருவதும் ஒரு புது நுழைவுதான். ஒருமுறை நுழையும் வீசாவோடு வந்தவர் துபாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாமல் நிற்க நேரும். இறங்கும் ஒவ்வொரு நாட்டின் வீசாவும், கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாத காலமும் வேண்டும். வீசா கிடைத்த பிறகு மிச்சப் பணத்தைக் கட்டுங்கள்.

புறப்படும்போது நடக்கும் ஆபத்துப் பயிற்சியில் பலர் நழுவிவிடுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் ‘கொஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின்னர்தான் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ அதை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. உம்மா இந்தப் பயிற்சியில் மட்டும் ஒரு மாணவியைப் போல நின்றார். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே மனமில்லை. எந்தப் படியால் போவது, எந்தப் படகு நம்முடையது என்று இரண்டு தடவை நடந்து பார்த்தார். அன்றிரவு பல்கனிக் கதவைத் தானே திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சில்லறை விஷயங்கள்: கடலில் கைத்தொலைபேசியின் தொடர்பை அணைத்து வையுங்கள், கப்பல் வலையமைப்பின் கட்டணம் மாதச் சம்பளத்தைத் தின்னும். ஊழியர் அன்பளிப்பென்று ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறும், கடைசி இரவில் பில்லை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி கொண்டுபோனால் பறித்து வைப்பார்கள். வாந்திக்கான மாத்திரையை ஆடத் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை, ஏறும் முன் டாக்டரைக் கேட்டுப் போட வேண்டும்.

சென்ற விடுமுறைக்கு ராத்தா ஊருக்கு வந்தபோது, உம்மா தானாகவே திருக்கோவிலுக்குப் போவோம் என்றார். மணலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தொலைவில் ஒரு சரக்குக் கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. “நம்மட கரைக்கு அந்தப் பெரிய கப்பல் வராதா?” என்றார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’ அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்து போனதைச் சொன்னேன். அது சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குவது, ஏற வேண்டுமென்றால் முதலில் இந்திய வீசா எடுத்து அங்கே போக வேண்டும். உல்லாசம் வேண்டாம், கடலைக் கடந்தால் போதும் என்றால் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் மழைக்கால கடலால் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. ஏறத்தாழ நான்கு மணி நேரம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நமது பக்கத்துக் கடலை நம்ப வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட உம்மாவுக்கு அதை நான் படிப்பிக்கத் தேவையில்லை.

“அப்ப வைகாசிக்குப் பிறகு பார்ப்பம்” என்றார் உம்மா. “அதுல அறை இல்லையே உம்மா, கதிரைதான்” என்றேன். உம்மா ராத்தாவின் பக்கம் திரும்பினார். “அப்ப நடுவில உள்ள கதிரையாக் கேளு புள்ள.”

மஃரிபுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பினோம்.