மோந்து பார்த்து வாங்குங்க, சார்!

லண்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் 'இதுக்கு மேல நான் போகமாட்டேன்' என்று நின்றுவிடுகிற ஒரு மூலை, ஈலிங். நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கனகதுர்க்கை அம்மன் கோயில்தான் அடையாளம். 2008-ல் ஆபீஸ் வேலையாகப் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை நண்பன் என்னை அந்தக் கோயிலுக்குத்தான் கூட்டிப் போனான். வழியில் டவுன் ஹால். 1888-ல் கட்டிய கல் கட்டடம். வாசலில் ரிட்டயரான ஆசாமிகள் பெரிய பெரிய பைகளோடு க்யூ.

"ரேஷனா?" என்றேன்.

"பழைய சினிமா ரீல் விக்கிறாங்கடா. நீதான் சினிமாப் பைத்தியமாச்சே... உள்ளே போய்ப் பார்த்துட்டு இரு. நான் அர்ச்சனையை முடிச்சுட்டு வந்துடறேன்."

அவன் அர்ச்சனை முடித்து, பிரசாதமும் முடித்துத் திரும்பி வந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நான் நகரவில்லை.

ஹால் முழுக்க நீள நீள மேஜை. மேல் முழுக்க வட்ட டப்பா. ஒவ்வொருத்தரும் டப்பாவைத் திறக்கிறார், மூக்கை உள்ளே விடுகிறார், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுக்கிறார். முகம் மலர்ந்தால் பர்ஸ் வெளியே வரும். சுளித்தால் டப்பா மேஜைக்குத் திரும்பும். நம்ம மாமிகள் காபிப்பொடி வாங்குகிற அதே நேர்த்தி. வாங்குவது மட்டும் லாரல் - ஹார்டி!

விஷயம் இதுதான். வீடியோ வருவதற்கு முன்னால், பிடித்த படத்தை வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் ப்ரொஜக்டர் ஒன்றுதான் வழி. தியேட்டர் ஃபிலிம் 35 மில்லிமீட்டர். அதை வீட்டுக்குக் கொண்டுவர ஆளாளுக்கு ஓர் அளவு கண்டுபிடித்தார்கள். 1922-ல் பிரான்சின் பாத்தே கம்பெனி ஒன்பதரை மில்லிமீட்டர். 1923-ல் கோடக் 16. 1932-ல் அதையே நெடுக்காகப் பிளந்து 8. அப்புறம் 1965-ல் சூப்பர் 8. படக் கட்டம் நம் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் கப்பல், குதிரைப்படை, க்ளைமாக்ஸ் எல்லாம் வந்தாக வேண்டும்!

முழுப்படம் வாங்க எல்லோருக்கும் வசதி போதாது. சூப்பர் 8-ல் நிமிஷத்துக்கு இருபது அடி ஃபிலிம் ஓடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு 2,400 அடி, ஆறு பெரிய ரீல். அதனால் சுருக்கப் பதிப்பு போட்டார்கள். 'ஸ்டார் வார்ஸ்' மாதிரிப் படத்தையே 200 அடி ரீலில், பத்து நிமிஷச் சமாசாரமாக விற்றார்கள். நம்ம படங்களுக்கும் யாராவது இதைச் செய்திருக்கலாம். பல படங்களுக்குப் பத்து நிமிஷமே தாராளம்.

மோப்பம் எதற்கு என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். தொளதொள ஸ்வெட்டர், கழுத்தில் பூதக்கண்ணாடி.

"வினிகர்!" என்றார். ஃபிலிமின் அடித்தளம் அசிடேட். ஈரத்திலும் சூட்டிலும் அது சிதைய ஆரம்பித்தால் அசிடிக் அமிலம் கிளம்பும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும். ஃபிலிம் சுருங்கி, நெளிந்து, கடைசியில் ப்ரொஜக்டரில் ஏறவே ஏறாது. ஒரு டப்பாவில் வந்தால் பக்கத்து டப்பாவையும் தொற்றும். அம்மை மாதிரி தனியாகத்தான் வைக்கவேண்டும். மருந்து கிடையாது. குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

அது தப்பினால் கலர் காலை வாரும். ஒரு ரீலைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். வானம் ரோஸ், புல் ரோஸ், கதாநாயகனின் கோட்டும் ரோஸ். ஈஸ்ட்மன் கலரில் நீலச்சாயம் முதலில் வெளுத்துவிடுமாம், சிவப்பு மட்டும் பாக்கி. "எப்போ வாங்கினது சார்?" என்றேன். "கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ரெண்டும் இப்ப இல்லை" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"டிவிடி பத்து பவுண்டுக்குக் கிடைக்குதே?" என்று அசட்டுத்தனமாக ஒன்று கேட்டு வைத்தேன். பெரியவர் கோபப்படவில்லை. அந்த வருஷம் ஜூலையில் வந்த செய்தியைச் சொன்னார். அன்றைக்கு அந்த ஹாலில் அதைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை.

ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927-ல் பெர்லினில் முழுசாக வெளியாகி, சீக்கிரமே கால்வாசி வெட்டப்பட்ட படம். வெட்டினது போனது போனதுதான் என்று எண்பது வருஷம் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். ஆனால் அர்ஜென்டினாவுக்கு முழுப் பிரதி ஒன்று போயிருந்தது. அங்கே ஒரு சினிமா விமர்சகர் அதைச் சேகரித்து வைத்திருக்கிறார். பின்னால் அது 16 மில்லிமீட்டருக்கு மாற்றப்பட்டு, ப்யூனஸ் அயர்ஸ் சினிமா மியூசியத்தின் அலமாரியில் சும்மா கிடந்தது. ஒரே கீறல், மழை பெய்கிற மாதிரி. அதிலிருந்துதான் தொலைந்துபோன சுமார் 25 நிமிஷம் திரும்பக் கிடைத்தது. 2010-ல் பெர்லினில் திரையிட்டார்கள்.

லண்டன்காரர் கெவின் பிரவுன்லோவும் இதே ஜாதிதான். 1950-களில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, ஏபெல் கான்ஸின் 'நெப்போலியன்' ஒன்பதரை மில்லிமீட்டரில் இரண்டு ரீல் கைக்கு வந்தது. மீதி எங்கே என்று தேடக் கிளம்பிவிட்டார். 1980 நவம்பரில் லண்டன் தியேட்டரில் அந்தப் படம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடியது. பையன் வீட்டில் எத்தனை திட்டு வாங்கியிருப்பான்!

எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்', நம் முதல் பேசும்படம், அதுவும் இல்லை. ஒரு ரீல்கூட இல்லை. யாராவது ஒரு கிறுக்கர் மாம்பலத்திலோ மதுரையிலோ பரணில் பத்து அடி ஒளித்து வைத்திருக்கக்கூடாதா என்று பெரியவரிடம் சொன்னேன்.

"பரணில் தேடினீர்களா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

வெறுங்கையோடு திரும்ப மனசில்லை. எட்டு பவுண்டுக்கு லாரல் - ஹார்டி ஒரு ரீல் வாங்கினேன். பெரியவர் பேச்சு சுவாரசியத்தில் நானே மோந்து பார்க்க மறந்துபோனேன். பவுண்ட் எண்பது ரூபாய் விற்ற காலம். நண்பன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "உன்கிட்ட ப்ரொஜக்டர் இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பதில் சொல்லாமல் கோயில் புளியோதரையைச் சாப்பிட்டேன்.

அந்த ஹாலில் எல்லோரும் பெருமையாகச் சொன்ன பெயர் டெரான். டட்லி ஊர்க் கம்பெனி. வீடியோ, டிவிடி எல்லாம் வந்த பிறகும் டிஸ்னி படங்களை முழு நீளத்தில் சூப்பர் 8-ல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில வருஷங்களில் அதுவும் கடையை மூடிவிட்டது.

என் ரீல் பீரோவில், பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறது. சென்னைப் புழுக்கம் வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜையன்று, டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறேன். போன தடவை லேசாக ஏதோ புளிப்பு வாடை.

"நாப்தலீன் உருண்டை வாசனைதான், சும்மா இருங்க" என்கிறாள் மனைவி. இருக்கலாம். எதற்கும் டப்பாவைப் புடவைக்குக் கீழிருந்து எடுத்து, ஜன்னலோரம் தனியாக வைத்திருக்கிறேன்.